நிலவில் அணு உலை: கழிவு வெப்பம் எங்கே போகும்?

அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சரும் அப்போது நாசாவின் பொறுப்புத் தலைவருமாக இருந்த ஷான் டஃபியின் ஆணை ஒன்று 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியானது. குறைந்தது 100 கிலோவாட் மின்சாரம் தரக்கூடிய அணு உலை ஒன்றை, 2030 வாக்கில் நிலவுக்கு ஏவத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். செய்தி வந்த இரண்டு மூன்று நாட்களுக்கு, நிலவையும் இவர்கள் விட்டுவைக்க மாட்டார்களா என்று ஒரு சாராரும், மனித குலத்தின் அடுத்த பாய்ச்சல் இதுதான் என்று மற்றொரு சாராரும் பேசிக்கொண்டார்கள். கடலோர அனல்மின் நிலையம் ஒன்றில் நீண்ட காலம் ஷிப்ட் பார்த்தவன் என்பதால் என் கவனம் வேறு பக்கம் போயிற்று. மின் உற்பத்தியில் பெரிய தலைவலி வெப்பத்தை உண்டாக்குவதில் இல்லை, வேலை முடிந்த வெப்பத்தை வெளியேற்றுவதில்தான் இருக்கிறது. எங்களுக்குக் கடல் இருந்தது. காற்றும் தண்ணீரும் இல்லாத ஓர் இடத்தில் அதை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவார்கள்?

அதற்கு முன்னால், அங்கே அணு உலை தேவைதானா என்பதைப் பார்த்துவிட வேண்டும். நிலவின் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து ஏறக்குறைய 29.5 புவி நாட்கள். நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் தரை வெப்பம், இரவில் பூச்சியத்துக்குக் கீழே 130 டிகிரிக்கும் அதிகமாக இறங்கிவிடுகிறது. இந்த இரவுதான் நிலவில் இறங்கிய கருவிகள் பலவற்றுக்கு எமனாக அமைந்தது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் வைத்துவிட்டு வந்த நிலநடுக்க மானி சூரியத் தகடுகளில் இயங்கியது. முதல் இரவில் மின்சாரமின்றி நின்றுபோன அது, மறு பகலில் விழித்தும் ஆகஸ்ட் 27 வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய நம் விக்ரமும் பிரக்யானும் செப்டம்பர் முதல் வாரத்தில் உறக்க நிலைக்கு அனுப்பப்பட்டன. சூரியன் திரும்பி வந்தபின் அழைத்துப் பார்த்தபோது பதில் வரவில்லை. அவை ஒரு நிலவுப் பகலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் மனிதர்கள் தங்கும் கூடத்தை அப்படி இரண்டு வாரம் உறங்க வைக்க இயலாது.

பகலில் சேமித்த மின்சாரத்தை இரவில் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நால்வர் தங்கும் ஒரு தளத்துக்கு, ஆய்வுக் கருவிகளையும் சேர்த்து, 40 கிலோவாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். இரவு சுமார் 354 மணி நேரம். பெருக்கினால் 14,000 யூனிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. மின் கட்டண அட்டையில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான். கிலோவுக்கு 200 வாட் மணி சேமிக்கும் லித்தியம் பேட்டரியாக வைத்தாலும் எடை 70 டன். சந்திரயான்-3 முழுவதுமாக ஏவப்பட்டபோது அதன் எடை 3.9 டன். ஆக, ஓர் இரவைக் கடப்பதற்கான பேட்டரிக்கு மட்டும் 18 சந்திரயான்கள் வேண்டும். இதே 40 கிலோவாட்டைப் பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து தரும் அணு உலையை 6 டன்னுக்குள் வடிவமைக்கச் சொல்லி, 2022-இல் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் மூன்று குழுக்களுக்குத் தலா 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் தந்தன. லாக்ஹீட் மார்ட்டின், வெஸ்டிங்ஹவுஸ் ஆகியவற்றோடு, இன்டியூட்டிவ் மெஷின்ஸும் எக்ஸ்-எனர்ஜியும் இணைந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் மூன்றாவது. எழுபதுக்கும் ஆறுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பார்த்தபின் அணுசக்தி வேண்டாம் என்று சொல்வது கடினம்.

ஆனாலும் சூரிய ஒளியின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. நிலவின் சுழலச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருப்பதால், தென்துருவத்தில் சூரியன் உச்சிக்கு ஏறாமல் தொடுவானத்தை ஒட்டியே சுற்றி வருகிறது. ஷாக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பிலும் அதையடுத்த மேட்டிலும் ஆண்டின் 80 விழுக்காட்டுக்கும் கூடுதலான நேரம் வெயில் படும் இடங்கள் உண்டு. அங்கே பதினான்கு நாள் இரவு என்ற பிரச்சினையே இல்லை. உயரமான கம்பத்தில் செங்குத்தாகத் தகடுகளை நிறுத்தி, இடையிடையே வரும் சில நாள் இருட்டுக்கு மட்டும் பேட்டரி வைத்தால் சிறிய தளம் ஒன்றைத் தாராளமாக நடத்தலாம். முதலில் போகிறவர்கள் அப்படித்தான் செய்யப்போகிறார்கள், செய்யவும் வேண்டும். சிக்கல், அந்த மேட்டை விட்டு இறங்கும்போது தொடங்குகிறது. எல்லோரும் தேடிப் போகும் பனிக்கட்டி, வெயிலே படாத பள்ளங்களின் அடியில் கிடக்கிறது. 2009-இல் எல்கிராஸ் கலத்தின் ஏவூர்திப் பகுதியை கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டு, எழும்பிய புழுதியை ஆராய்ந்தபோது அதில் எடையளவில் 5 விழுக்காட்டையொட்டித் தண்ணீர் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் வெயில் இல்லை. வெயில் இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை.

அந்தத் தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எடுக்க வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு, கோட்பாட்டளவிலேயே, 4.4 யூனிட் மின்சாரம் செலவாகும். நடைமுறையில் இன்னும் கூடும். உறைந்த மண்ணைத் தோண்டிச் சூடாக்கும் செலவு தனி. ஒரு டன் தண்ணீருக்கு 4,400 யூனிட் என்றே வைத்தாலும், 10 கிலோவாட் மின்சாரத்தைக் கொண்டு அதைச் செய்ய 18 நாட்களுக்கு மேல் ஆகும். 100 கிலோவாட் இருந்தால் இரண்டு நாட்களுக்குள் முடிந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகள் தருவதே ஏறத்தாழ 100 கிலோவாட்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நால்வர் உயிர்வாழ்வதற்கு நூறு தேவையில்லை. எரிபொருள் தயாரிக்கும் ஆலை நடத்தத்தான் நூறு தேவைப்படும். டஃபியின் ஆணையில் உள்ள எண் எதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது இதிலிருந்து ஓரளவு புரிகிறது.

நிலவுக்கு அணுசக்தி புதிதாகப் போகப்போவதும் இல்லை. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கொண்டுபோன ஸ்னாப்-27 என்ற மின்னாக்கியில் சுமார் 3.8 கிலோ புளூட்டோனியம்-238 இருந்தது. ஏவும்போது விபத்து நேர்ந்தாலும் சிதறாதபடி எரிபொருளைத் தனியாக, வலுவான ஓர் உறையில் போட்டு இறங்குகலத்தின் பக்கவாட்டில் மாட்டியிருந்தார்கள். நிலவில் இறங்கியபின் வீரர்களே அதை உருவி மின்னாக்கிக்குள் செருக வேண்டும். ஆலன் பீன் நீண்ட கைப்பிடி கொண்ட கருவியால் இழுத்துப் பார்த்தார். வெப்பத்தில் விரிந்து இறுகிக்கொண்டதால் எரிபொருள் வெளியே வரவில்லை. கடைசியில் பீட் கான்ராட் சுத்தியலை எடுத்து உறையின் பக்கத்தில் தட்டத் தட்ட, அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியே வந்தது. பழைய வால்வைத் திறக்க முடியாமல் சுத்தியலைத் தேடிய அனுபவம் உள்ள எவருக்கும் அந்த உரையாடலின் ஒலிப்பதிவு சிரிப்பை வரவழைக்கும். அப்படித் தட்டி உள்ளே வைத்த மின்னாக்கியும் அதன்பின் போனவையும் நிலவின் இரவுகளை ஆண்டுக்கணக்கில் தாண்டின. 1977 செப்டம்பர் 30 அன்று கருவிகளை நிறுத்தியதற்குப் பணத் தட்டுப்பாடுதான் காரணமாயிற்று. சோவியத்தின் லுனாகோட் 1 ஊர்தி 1970-இல் பொலோனியத்தின் சூட்டில் இரவுகளைக் கழித்தது. 2019-இல் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங்-இ 4 கலமும் கதிரியக்க வெப்பத்தை நம்பியே இரவுகளைக் கடந்தது. சந்திரயான்-3-இன் உந்துவிசைக் கலத்தில்கூட, பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்துகொடுத்த 1 வாட் வெப்ப அலகுகள் இரண்டு சோதனைக்காக வைக்கப்பட்டிருந்தன.

இவை எதுவும் அணு உலை அல்ல. கதிரியக்கத் தனிமம் தானாகச் சிதையும்போது வரும் சூட்டைப் பயன்படுத்துபவை இவை. ஓர் அணுவின் பிளவு அடுத்ததைத் தூண்டும் தொடர்வினை கிடையாது, கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஸ்னாப்-27 தந்த மின்சாரம் 70 வாட்டை ஒட்டியது. நூறு கிலோவாட்டுக்கு அப்படி 1,400 மின்னாக்கிகள் வேண்டும், அதாவது 5 டன்னுக்கு மேல் புளூட்டோனியம்-238. அமெரிக்கா ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோ தயாரிப்பதையே இலக்காக வைத்திருக்கும் பொருள் அது. எனவே பெரிய அளவில் மின்சாரம் வேண்டுமென்றால் யுரேனியத்தைப் பிளக்கும் உலைதான் வழி.

விண்வெளியில் உலை இயக்கிய வரலாறு இரு நாடுகளுக்குத்தான் உண்டு. அமெரிக்கா 1965 ஏப்ரலில் ஸ்னாப்-10ஏ என்ற ஒரே ஓர் உலையை அனுப்பியது. சுமார் 500 வாட் தந்த அது, 43 நாட்களுக்குப் பின் கலத்தின் வேறொரு மின்கருவி பழுதானதால் நின்றுபோய், இன்றும் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சோவியத் ஒன்றியம் முப்பதுக்கும் மேற்பட்ட உளவுச் செயற்கைக்கோள்களில் உலைகளை வைத்தது. அவற்றுள் காஸ்மோஸ் 954 கட்டுப்பாட்டை இழந்து 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடமேற்குப் பனிப்பகுதியில் சிதறி விழுந்தது. தேடித் துப்புரவு செய்த செலவுக்குக் கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 30 லட்சம் கிடைத்தது. விண்வெளி அணு உலை என்றதும் மக்கள் அஞ்சுவதில் பாதி இந்த விபத்திலிருந்து வருகிறது, அந்த அச்சம் நியாயமானதும்கூட. ஆனால் அந்த உலை விண்ணில் பல வாரங்கள் எரிந்து, பிளவுக் கழிவுகள் நிரம்பிய நிலையில் விழுந்தது. நிலவுக்கான உலை அங்கே போய் நிலைகொண்ட பிறகே முதல் முறையாக இயக்கப்படும். அதுவரை அதற்குள் இருப்பது 70 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட யுரேனியம்-235. 88 ஆண்டு அரை ஆயுள் கொண்ட புளூட்டோனியம்-238 உடன் ஒப்பிட்டால் அதன் கதிரியக்கம் மிகக் குறைவு. ஏவும்போது உள்ள உண்மையான இடர் இன்னொன்று: ஏவூர்தி கடலில் விழுந்து, தண்ணீர் உள்ளே புகுந்து, நியூட்ரான்களின் வேகம் குறைந்து, உலை தானாகவே தொடர்வினையைத் தொடங்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் நியூட்ரான்களை விழுங்கும் போரான் தண்டுகள் பயணம் முழுவதும் மையத்தில் பூட்டப்பட்டிருக்கும்.

சிறிய உலை எப்படி இருக்கும் என்பதற்கு 2018 மார்ச்சில் நெவாடா பாலைவனத்தில் நடந்த க்ரஸ்டி சோதனை நல்ல சான்று. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் டேவிட் போஸ்டன், நாசாவின் மார்க் கிப்சன் ஆகியோர் முன்னின்று நடத்திய கிலோபவர் திட்டத்தின் பகுதி அது. 11 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, யுரேனியம்-மாலிப்டினம் கலந்த ஓர் உலோக உருளைதான் உலையின் மையம். அதில் சுமார் 28 கிலோ யுரேனியம்-235. அதன் பக்கங்களில் சோடியம் அடைத்த எட்டு வெப்பக் குழாய்கள் இறுக்கிப் பொருத்தப்பட்டிருந்தன. சோடியம் கீழே கொதித்து, ஆவியாக மேலேறி, வெப்பத்தால் பிஸ்டனை ஓட்டி மின்சாரம் ஆக்கும் ஸ்டர்லிங் எந்திரங்களிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியாகத் தானாகவே கீழே வழிந்து வரும். பம்ப் கிடையாது, அதை ஓட்ட மோட்டாரும் கிடையாது. நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் பெரிலியம் ஆக்சைடு வளையத்தைக் கீழிருந்து மெல்ல உயர்த்த, உருளை 800 டிகிரிக்குச் சூடேறியது.

முழு வெப்பத்தில் 28 மணி நேரம் நடந்த அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி, வேண்டுமென்றே அவர்கள் செய்த குறும்புகள். எந்திரங்களை நிறுத்தினார்கள். வெப்பத்தை எடுக்க ஆளில்லாததால் உருளை சூடாகி விரிந்தது. விரிந்ததால் கூடுதல் நியூட்ரான்கள் வெளியே தப்பின. தப்பியதால் உலையின் திறன் தானாகவே இறங்கியது. மீண்டும் வெப்பத்தை எடுக்கத் தொடங்கியதும் அதேபோலத் தானாக ஏறியது. மனிதக் கை ஒன்றும் படவில்லை. தேவை மாறும்போதெல்லாம் கொதிகலனைத் துரத்திக்கொண்டு ஓடிய எங்களுக்கு இந்தக் குணம் பொறாமையைத் தரும். முழுத் திட்டத்துக்கும் ஆன செலவு 2 கோடி டாலருக்குள் அடங்கிவிட்டது என்பது இன்னொரு வியப்பு. கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கும் காமினி உலையை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு முற்றிலும் அந்நியமாக இருக்காது. சுமார் 600 கிராம் யுரேனியம்-233-ஐ பெரிலியம் ஆக்சைடால் சூழ்ந்து 30 கிலோவாட் வெப்பம் தரும் உலை அது. விண்வெளிக்காகக் கட்டப்படவில்லை என்றாலும், இஸ்ரோ ஏவூர்திகளில் பயன்படும் சிறு வெடிகருவிகளை நியூட்ரான் படமெடுத்துச் சோதிக்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது.

இனி என் பழைய கேள்வி. வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் எந்த எந்திரமும் ஒரு பகுதியைத்தான் மாற்றும். மிச்சத்தை வெளியே தள்ளியே ஆக வேண்டும். நாங்கள் எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமானது. மீதத்தில் பெரும்பங்கு, நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டன்சர் வழியாகக் கடலுக்குப் போனது. கோடையில் கடல் நீரின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே கண்டன்சரின் வெற்றிடம் குறைந்து, டர்பைன் திறன் இறங்கி, கட்டுப்பாட்டு அறையில் முகங்கள் மாறிவிடும். நிலவில் வெப்பத்தைக் கடத்த எந்தத் திரவமும் காற்றும் சுற்றிலும் இல்லை. அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசுவதுதான் ஒரே வழி. 100 கிலோவாட் மின்சாரத்துக்கு, 25 விழுக்காடு திறன் என்று கொண்டால், 300 கிலோவாட் கழிவு வெப்பம் இருக்கும். ரேடியேட்டர் தகடு 127 டிகிரியில் இருந்தால் அதன் ஒவ்வொரு சதுர மீட்டரும் வெளியே வீசக்கூடியது ஏறக்குறைய 1.3 கிலோவாட். எனவே 230 சதுர மீட்டர் பரப்பு தேவை. மூன்று பேட்மின்டன் மைதானங்களைவிடச் சற்றே குறைவு. இரு பக்கமும் வீசும்படி செங்குத்தாக நிறுத்தினால் தகட்டின் அளவு பாதியாகும். இத்தனையையும் மடித்து ஓர் ஏவூர்தியின் கூம்புக்குள் வைத்துக் கொண்டுபோய், அங்கே ஆளில்லாமலே விரிக்க வேண்டும்.

தகட்டின் வெப்பத்தை உயர்த்தினால் பரப்பு வெகுவாகக் குறையும், ஏனெனில் வீசும் ஆற்றல் தனிவெப்பநிலையின் நான்காம் மடிக்கேற்பக் கூடுகிறது. அதே தகட்டை 227 டிகிரியில் வைத்தால் நூறு சதுர மீட்டருக்கும் குறைவாகவே போதும். ஆனால் குளிர்ந்த முனை சூடாக இருந்தால் எந்திரத்தின் திறன் விழும். அதை ஈடுகட்ட உலையை இன்னும் சூடாக்க வேண்டும். அப்படிச் செய்தால் உலோகங்கள் தாங்குமா என்ற கேள்வி வரும். டஃபியின் ஆணை பிரேட்டன் சுழற்சியைக் கேட்டதன் பின்னணி இதுதான். ஹீலியமும் செனானும் கலந்த வாயுவை மூடிய சுற்றில் டர்பைன் வழியாக ஓட்டும் அம்முறை, ஸ்டர்லிங்கைவிடப் பெரிய திறன்களுக்கு ஏற்றது. அதில் அதிவேகமாகச் சுழலும் டர்பைனும் கம்ப்ரசரும், பழுது பார்க்க ஆளில்லாமல் பத்து ஆண்டு ஓட வேண்டும். எங்கள் நிலையத்தில் டர்பைனை நிறுத்திப் பிரித்துப் பார்க்காமல் பத்து ஆண்டு ஓட்டுவதாகச் சொல்லியிருந்தால் தலைமைப் பொறியாளர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ரேடியேட்டருக்கு இன்னோர் எதிரி தூசி. நிலவின் தூசி, காற்றும் நீரும் தேய்க்காததால் கண்ணாடித் துகள்போலக் கூர்மையாக இருப்பது. மின்னேற்றம் பெற்று எதிலும் ஒட்டிக்கொள்வது. அப்பல்லோ வீரர்களின் உடையிலும் இணைப்பு வளையங்களிலும் அது செய்த அட்டகாசம் பிரசித்தம். தகட்டின் மேல் அது படிந்தால் வெயிலை அதிகம் உறிஞ்சும். வெப்பத்தை வெளிவிடுவதும் கெடும். துருவத்தில் வெயில் பக்கவாட்டிலிருந்து வருவதால், தகட்டின் விளிம்பு சூரியனை நோக்கி இருக்கும்படி திருப்பிக்கொண்டே இருந்தால் ஓரளவு தப்பலாம். நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகலில் 120 டிகிரியில் கொதிக்கும் தரையே தகட்டைத் திருப்பிச் சுடும் என்பதால், அங்கே உலை வைப்பதை நான் விரும்ப மாட்டேன். இரவு வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடுகிறது: மற்ற கருவிகளைக் கொல்லும் அந்தக் குளிர் உலைக்கு வரம்.

கதிர்வீச்சைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. சாங்-இ 4 அளந்து சொன்னபடி, நிலவின் தரையில் வெட்டவெளியில் நிற்பவருக்கு விண்வெளிக் கதிர்களால் மட்டும் நாளொன்றுக்கு சுமார் 1.37 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது; ஆண்டுக் கணக்கில் 500. நாசா தன் உலைக்கு வகுத்த வரம்பு, ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஆண்டுக்குக் கூடுதலாக 50 மில்லிசீவர்ட். அதாவது இயற்கை அங்கே கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு. இது சாதாரண அளவென்று நான் சொல்லவில்லை. பூமியில் நாம் ஆண்டு முழுவதும் இயற்கையாகப் பெறுவது சராசரி 2.4 மில்லிசீவர்ட்தான். ஆனால் நிலவுவாசியின் கவலைப் பட்டியலில் உலைக்கு முன்னால் சூரியனும் விண்மீன்களும் நிற்கின்றன. கவசத்துக்கு எடை மிகுந்த பொருளைப் பூமியிலிருந்து தூக்கிப் போவதற்குப் பதில் உலையை நிலவுமண்ணில் புதைக்கலாம் என்பது பழைய யோசனை. அது வரைபடத்தில் எளிது. அப்பல்லோ 15-இல் டேவிட் ஸ்காட் வெப்பமானி இறக்க 3 மீட்டர் ஆழத் துளை போட முயன்று பாதி ஆழத்தைத்தான் எட்டினார். மேலே மாவாகத் தெரியும் மண், கீழே அத்தனை இறுகிக் கிடக்கிறது. குழி தோண்டும் எந்திரத்தையும் அதற்கான மின்சாரத்தையும் உலைக்கு முன்பே அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், முதல் உலை தன் கவசத்தைத் தானே சுமந்துகொண்டு தரைமேல் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் ஒரு கிலோமீட்டர் கேபிள் வேண்டும். இழப்பைக் குறைக்க உயர் மின்னழுத்தத்தில் அனுப்ப வேண்டும். ஈரமே இல்லாத நிலவுமண் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்துவதே இல்லை என்பதால், கேபிளைத் தரையிலேயே போட்டு வைக்கலாம் என்பது வசதி. நாம் வீட்டுக்குப் பின்னால் குழாயை அடித்து எர்த் கொடுப்பதுபோல அங்கே கொடுக்க முடியாது என்பது தொல்லை. மின்பொறியாளர்கள் இதில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

தொலைவு என்றதும் அரசியல் வந்துவிடுகிறது. சீனாவும் ரஷ்யாவும் சேர்ந்து நிலவு ஆய்வு நிலையம் ஒன்றை அமைக்க 2021-இல் ஒப்புக்கொண்டன. 2033-35 காலத்தில் அங்கே அணு உலை வைக்கும் எண்ணத்தை ரஷ்ய விண்வெளித் துறையின் அன்றைய தலைவர் யூரி போரிசோவ் 2024 மார்ச்சில் வெளியிட்டார். முதலில் உலை வைக்கும் நாடு அதைச் சுற்றி மற்றவர்கள் நுழையக்கூடாத வளையம் ஒன்றை அறிவிக்கக்கூடும் என்று டஃபியின் ஆணை வெளிப்படையாகவே கவலைப்படுகிறது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலவின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் பாதுகாப்பு வளையம் என்பது வெறும் சாக்கு என்றும் தள்ளிவிட முடியாது. அப்பல்லோ 12 இறங்கிய இடத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி, இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இறங்கிய சர்வேயர் 3 கலம் நின்றிருந்தது. அதன் பாகங்களைக் கழற்றிக் கொண்டுவந்து பார்த்தபோது, அப்பல்லோவின் எந்திரம் கிளப்பிய மண் துகள்கள் அதை மணல் வீசித் தேய்த்ததுபோலச் சுரண்டியிருந்தன. சூடான ரேடியேட்டருக்குப் பக்கத்தில் எவரும் கலம் இறக்கக் கூடாது என்று கேட்பது எந்தப் பொறியாளரும் கேட்கக்கூடியதே. வளையத்தின் அளவை யார் முடிவு செய்வது என்பதில்தான் சண்டை. நிலவு ஆய்வுக்காக அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூனில் கையெழுத்திட்ட, 2040-க்குள் நிலவுக்கு மனிதரை அனுப்பத் திட்டமிடும் இந்தியா அந்த மேசையில் இப்போதே உட்கார வேண்டும்.

2030 என்ற தேதியை நான் நம்பவில்லை. க்ரஸ்டியில் இருந்தது சில கிலோவாட் வெப்பம். அமெரிக்கா விண்ணில் இயக்கிய ஒரே உலை அறுபது ஆண்டுகளுக்கு முன் 500 வாட் தந்தது. அங்கிருந்து ஒரே தாவலில் 100 கிலோவாட் என்பது, வழியில் கற்றுக்கொள்ள வேண்டிய அத்தனையையும் நிலவிலேயே கற்றுக்கொள்வோம் என்பதற்குச் சமம். பத்து கிலோவாட் உலை ஒன்றை, வெப்பக் குழாயும் ஸ்டர்லிங்கும் கொண்டு, சூரியத் தகடுகளில் இயங்கும் தளத்துக்குத் துணையாக முதலில் அனுப்பி, ரேடியேட்டர் விரிகிறதா, தூசி என்ன செய்கிறது, கேபிள் தாங்குகிறதா என்று மூன்று நான்கு ஆண்டு பார்ப்பதே எங்கள் தொழிலில் பழகிய முறை. போட்டி அரசியல் அந்தப் பொறுமையை அனுமதிக்குமா என்பது வேறு விஷயம்.

விதிமுறைகளும் பின்தங்கியே இருக்கின்றன. விண்வெளியில் அணுசக்தி மூலங்களைப் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. பொதுச்சபை 1992-இல் ஏற்ற நெறிமுறைகள், உலைகளுக்கு உயர் செறிவூட்டிய யுரேனியம்-235-ஐ மட்டுமே எரிபொருளாகப் பயன்படுத்த வேண்டும் என்கின்றன. ஆயுதத்துக்கு உதவும் பொருள் அது என்பதால் இன்று எல்லோரும் யுரேனியம்-235-இன் பங்கு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி செறிவூட்டிய யுரேனியத்துக்கு மாற முயல்கிறார்கள். அப்படி மாறினால் மையம் பெரிதாகி எடை கூடும் என்பது தனிக்கதை. சுற்றுப்பாதையில் உள்ள உலையைக் காலம் முடிந்ததும் உயரமான பாதைக்குத் தள்ளச் சொல்லும் அந்த ஆவணத்தில், தரையில் நிற்கும் உலையை என்ன செய்வது என்பதற்கு வழிகாட்டல் இல்லை. பத்து ஆண்டு எரிந்த மையத்தை அணுகி எடுத்துப்போக யாராலும் ஆகாது. அணைத்து, அப்படியே விட்டுவிட்டு, அடுத்த உலையை வேறோர் இடத்தில் வைப்பார்கள். வெயிலும் கிடைத்து, பனிப் பள்ளத்துக்கு அருகிலும் அமைந்த மேட்டு நிலம் தென்துருவத்தில் சில கிலோமீட்டர்கள்தான் தேறும். உலைக்கு ஒரு கிலோமீட்டர் வளையம் என்று வைத்து, பத்து ஆண்டுக்கு ஓர் உலையாக மூன்று நாடுகள் அங்கே வைத்துக்கொண்டே போனால், இந்த நூற்றாண்டு முடிவதற்குள் புதிதாக ஒரு கூடாரம் போட அங்கே இடம் இருக்காது.